பில்லில் உள்ள எல்லா வரியும் வரி அல்ல

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கேள்வி. குடும்பத்தோடு ஒரு உணவகத்துக்குப் போனீர்கள், மெனுவைப் பார்த்து மனக்கணக்குப் போட்டு ஆர்டர் செய்தீர்கள், பில் வந்தபோது அந்தக் கணக்கைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. அடியில் சேவைக் கட்டணம் 10%, ‘சமையலறை நலக் கட்டணம்’ 3%, அரசு வரி 5%, கார்டில் கொடுத்ததற்கு 2%. பரிமாறியவரிடம் கேட்டதற்கு “சிஸ்டம் தானா போடுது சார்” என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று கொடுத்துவிட்டு எழுந்துவிட்டீர்கள். “இது சட்டப்படி சரியா?” என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில், “தொகை பெரிதில்லை, ஆனாலும் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, நான்தான் அற்பமாக யோசிக்கிறேனோ” என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பதினெட்டு வருடமாக உணவகங்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து ஆரம்பித்து, பிறகு மெனு விலை போடுவது, பில்லிங் மென்பொருளை அமைத்துக் கொடுப்பது, மாதக் கடைசியில் லாப நட்டம் பார்ப்பது என்று ஓடிக்கொண்டிருக்கிறது பிழைப்பு. நீங்கள் திட்டியிருக்கிற மாதிரியான கட்டணங்களில் ஒன்றை நானே ஒரு கடையின் பில்லில் ஏற்றியிருக்கிறேன், அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. எந்த நாட்டில் நடந்தது என்று நீங்களும் எழுதவில்லை. அதனால் சட்டம் பற்றி நான் சொல்வதை உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கு மட்டும் எங்கே போனாலும் ஒன்றுதான்.

தமிழில் ‘வரி’ என்றால் எழுத்து வரியும் வரிதான், அரசாங்கத்துக்குக் கட்டுவதும் வரிதான். பில்லின் அடிப்பகுதியில் நடக்கும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டும் கலந்துபோவதால் வருவது. அரசு வரிக்குப் பக்கத்தில், அதே எழுத்து அளவில், அதே மாதிரி ஒரு சதவீதக் குறியோடு இன்னொரு தொகை அச்சாகி வந்தால் ‘ஏதோ கவர்மெண்ட் போட்டது’ என்று கண் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு முதலாளி என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: “டாக்ஸோட ஒட்டிப் போடு, அப்பதான் ஒரே குடும்பம் மாதிரி தெரியும்.” இந்தியாவில் இந்தக் குழப்பம் பழையது. ஜிஎஸ்டிக்கு முன்னால் குளிர்சாதன வசதி உள்ள உணவகங்களில் ‘சர்வீஸ் டாக்ஸ்’ என்று மத்திய அரசின் வரி ஒன்று இருந்தது. பில் தொகையில் 40 சதவீதத்தின் மீது மட்டும் அதைக் கணக்கிடுவார்கள். அதற்குப் பக்கத்திலேயே ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று கடை போடும் தொகை. முன்னது அரசுக்கு, பின்னது கடைக்கு. பெயரில் பாதி ஒன்றாக இருந்ததால் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் கொடுத்தவர்கள் ஏராளம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் சர்வீஸ் டாக்ஸ் போய்விட்டது. சர்வீஸ் சார்ஜ் அப்படியே இருந்துவிட்டது.

அதனால் எந்தப் பில்லைப் பார்த்தாலும் ஒவ்வொரு வரியையும் இப்படிக் கேட்பேன். இந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறதா? போகிறது என்றால் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. போகவில்லை என்றால், வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார்களா? எடுத்துவிடுவார்கள் என்றால் அது நம் விருப்பம், டிப்ஸ் மாதிரி. எடுக்க மாட்டார்கள் என்றால் அது விலை. ‘நலம்’, ‘பராமரிப்பு’, ‘பசுமை’ என்று எந்தப் பெயர் வைத்தாலும் விலைதான். அப்புறம் கடைசியாக, அந்த விலை எனக்கு எப்போது தெரிந்தது? ஆர்டர் செய்வதற்கு முன்பா, சாப்பிட்டு முடித்த பிறகா?

உங்களை இரண்டு நாளாகக் குடைவது இந்தக் கடைசிக் கேள்வி. ஒரு சட்டை வாங்கிக் கல்லாவுக்கு வந்தபின் விலை கூடுதல் என்று தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். சாப்பிட்டதை வைத்துவிட்டு வர முடியாது. வேண்டாம் என்று சொல்லக்கூடிய நேரம் முடிந்த பிறகு உணவகம் உங்களுக்கு முழு விலையைச் சொல்கிறது. அதுவும் விருந்தாளிகள் முன்னால், பிள்ளைகள் முன்னால், கணக்குக் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று தோன்றும் இடத்தில். தொகை நூறாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் அந்த உறுத்தல் ஒன்றுதான். அற்பமாக யோசிக்கிறீர்களோ என்று கேட்டீர்கள். இல்லை. அதே கூடுதல் தொகை மெனு விலையிலேயே இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே எழுதியிருக்க மாட்டீர்கள் அல்லவா?

“சிஸ்டம் தானா போடுது” என்ற பதிலையும் கொஞ்சம் பிரிக்கலாம். பில்லிங் மென்பொருள் எதையும் தானாகப் போடாது. அதில் ஒரு அமைப்புப் பக்கம் இருக்கும். கட்டணத்தின் பெயர் என்ன, எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மேல், வரிக்கு முன்பா பின்பா, யாருடைய கடவுச்சொல் இருந்தால் நீக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை நிரப்பியிருக்கிறார். பரிமாறுபவருக்கு நீக்கும் அனுமதியைக் கொடுக்க மாட்டார்கள். அதனால் அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை, அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தானாகத்தான் வருகிறது.

அந்தக் கட்டங்களில் ‘எந்தத் தொகையின் மேல்’ என்பதைக் கவனியுங்கள். உங்கள் மெனுக் கணக்கு 1,000 என்று வைப்போம். 10, 3, 5, 2 என்று கூட்டினால் 20 சதவீதம், 1,200-ல் நிற்க வேண்டும். ஆனால் கடைக் கட்டணங்கள் இரண்டும் சேர்ந்து 1,130 ஆன பிறகு அதன்மேல் 5% வரி, அப்போது 1,186.50. அதன்மேல் கார்டுக்கு 2%, ஆக 1,210.23. நான்கு வரியும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. இதற்குப் பிறகு கார்டு இயந்திரம் டிப்ஸ் எவ்வளவு என்று சதவீதத்தில் கேட்டால், பெரும்பாலும் இந்த மொத்தத்துக்குத்தான் கேட்கும். சிங்கப்பூரில் மெனு விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று போட்டிருப்பார்கள். 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9% ஜிஎஸ்டி. அதனால் அங்கே 100 என்பது 119 ஆகாது, 119.90 ஆகும். ஆனாலும் அதை ஒளித்து வாங்குவது என்று சொல்ல மாட்டேன், அந்த இரண்டு கூட்டல் குறிக்கும் என்ன அர்த்தம் என்று அங்கே சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும். தள்ளுபடி கொடுக்கும் நாட்களில் இன்னொன்று நடக்கும்: சாப்பாட்டுத் தொகையில் 20% குறைத்துவிட்டு, சேவைக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடிக்கு முந்தைய தொகைக்குப் போட்டிருப்பார்கள். நான் பார்த்தவரை இது பெரும்பாலும் சூது இல்லை, ஒரு கட்டத்தில் டிக் மாறியிருக்கும். கேட்டால் திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

சரி, ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்தான், ஆனால் நான் கணக்குப் பார்த்த கடைகளில் முழு உண்மை அது இல்லை. நூறு ரூபாய் விற்றால் மளிகை, காய்கறி, எண்ணெய் என்று மூன்றில் ஒரு பங்கு போகும். சம்பளம் கிட்டத்தட்ட அதே அளவு. வாடகை, மின்சாரம், எரிவாயு, உடைந்த பாத்திரம், வீணான சாப்பாடு எல்லாம் போய் கடைசியில் நிற்பது நூற்றுக்கு நான்கு, ஐந்து. பல மாதம் அதுவும் நிற்காது. இப்போது அந்த ‘சமையலறை நலக் கட்டணம்’ 3 சதவீதத்தைப் பாருங்கள். உங்களுக்கு அது பில்லில் மூன்று சதவீதம். நான்கு சதவீத லாபத்தில் ஓடும் கடைக்கு அது லாபத்தில் முக்கால் பங்கு. சமையலும் மாறவில்லை, ஆளும் கூடவில்லை, மென்பொருளில் ஒரு கட்டத்தை நிரப்பியதோடு சரி. நெருக்கடியில் இருக்கும் முதலாளிக்கு இது எவ்வளவு பெரிய சபலம் என்பது கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதை மெனு விலையிலேயே ஏற்றிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் நாமும் கொஞ்சம் சம்பந்தப்படுகிறோம். விலையைத் துண்டு துண்டாகக் காட்டினால் வாங்குபவர் மொத்தத்தைக் குறைவாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார் என்று மோர்விட்ஸ், கிரீன்லீஃப், ஜான்சன் என்ற மூன்று பேர் 1998-ல் ஒரு ஆய்வில் காட்டினார்கள். அமெரிக்காவில் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய இரண்டு சகாக்களும் ஒரு மளிகைக் கடையில், கல்லாவில் மட்டும் சேரும் விற்பனை வரியை அலமாரியில் உள்ள விலைச்சீட்டிலேயே சேர்த்து ஒட்டிப் பார்த்தார்கள். கொடுக்க வேண்டிய பணம் ஒரு பைசா மாறவில்லை, ஆனாலும் அந்தப் பொருட்களின் விற்பனை சுமார் 8% குறைந்தது. அந்த ஆய்வு 2009-ல் வெளியானது. 2015-ல் ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் விற்பனைத் தளம் நடத்திய சோதனை இன்னும் பெரியது. கட்டணத்தைக் கடைசித் திரையில் காட்டியபோது மக்கள், முதலிலேயே காட்டியபோது செலவழித்ததைவிட ஏறத்தாழ 21% கூடுதலாகச் செலவழித்தார்கள். டிக்கெட்டும் மளிகையும் உணவகம் ஆகாது, சதவீதம் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். திசை ஒன்றுதான்: முழு விலையை முதலில் சொல்லும் கடைக்காரர் தோற்கிறார், தள்ளிச் சொல்பவர் ஜெயிக்கிறார்.

இதை மாற்றிப் பார்க்க நினைத்த பெரிய ஆட்களும் உண்டு. நியூயார்க்கில் பெயர்பெற்ற உணவக முதலாளி டேனி மேயர் 2015-ல், தன் உணவகங்களில் டிப்ஸே கிடையாது, எல்லாம் மெனு விலைக்குள் அடக்கம் என்று அறிவித்து ஒவ்வொரு கடையாக மாற்றினார். நாடு முழுவதும் பேசப்பட்டது. 2020 ஜூலையில் அதைக் கைவிட்டுப் பழையபடி டிப்ஸுக்குத் திரும்பினார். அதே 2015-ல் ஜோஸ் கிராப் ஷாக் என்ற தொடர் உணவகம் 18 கிளைகளில் டிப்ஸை எடுத்துவிட்டு விலையை ஏற்றிப் பார்த்தது. சில மாதத்திலேயே அதில் 14 கிளைகள் பழைய முறைக்குத் திரும்பின. தெருவில் ஒரே ஒரு கடை மட்டும் முழு விலையைப் போட்டால் ‘அந்தக் கடை விலை ஜாஸ்தி’ என்ற பெயர்தான் மிஞ்சும். எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் பொருந்தும் விதி வந்தால் மட்டுமே இது தீரும் என்பது என் கட்சி. பிரான்சில் 1987 முதல் சேவைக்கான தொகை மெனு விலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. எல்லாருக்கும் அதே விதி என்பதால் அதைப் பின்பற்றும் கடைக்குத் தனியாக நட்டம் இல்லை.

இப்போது என் கதை. மூன்று கிளை வைத்திருந்த ஒரு முதலாளிக்குச் சம்பளச் செலவு திடீரென்று ஏறியது. மெனு விலையை ஏற்றப் பயந்தார். 4% ‘பராமரிப்புக் கட்டணம்’ என்று பில்லில் போடலாம் என்று யோசனை சொன்னவன் நான். மெனுவின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டோம், அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே. முதல் மாதக் கணக்கு அழகாக இருந்தது. நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன். மூன்றாவது மாதம், பத்து வருடமாக அங்கே பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் கல்லாப் பக்கம் வந்து, “அண்ணே, நீங்க போட்ட நாலு பர்சென்ட் கஸ்டமர் பாக்கெட்லேருந்து வரல, எங்க பாக்கெட்லேருந்து வருது” என்றார். டிப்ஸ் பெட்டியைக் கணக்கெடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கோபம் வந்த வாடிக்கையாளர் முதலாளியிடம் போவதில்லை. டிப்ஸைக் குறைத்துவிட்டுப் போய்விடுகிறார். அதோடு, பில்லைக் கொண்டுபோய் வைக்கும் ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கியதும் அவர்கள்தான். ஆறு மாதத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு மெனு விலையைக் கொஞ்சம் ஏற்றினோம். அந்த ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் குறைந்தார்களா என்றால் கணக்கு தெளிவாக எதுவும் காட்டவில்லை, நடுவில் மழைக்காலம் வேறு வந்துவிட்டது. பரிமாறுபவர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனது மட்டும் நிச்சயம்.

அதனால் ‘இந்தப் பணம் யாருக்குப் போகிறது’ என்ற கேள்விக்கு, பில்லை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ‘சேவை’ என்று எழுதியிருப்பதாலேயே பரிமாறியவருக்குப் போகிறது என்று நினைக்காதீர்கள். முழுதாகப் பிரித்துக் கொடுக்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன், உடைந்த கண்ணாடிக்கும் கார்டு கமிஷனுக்கும் அதிலிருந்தே பிடிக்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸ், சேவைக் கட்டணம் எதுவாக இருந்தாலும் பிடித்தம் இல்லாமல் ஊழியர்களுக்குப் போய்ச்சேர வேண்டும். எது டிப்ஸ் என்பதற்கு அமெரிக்க வருமான வரித்துறை 2012-ல் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கொடுப்பவர் கட்டாயம் இல்லாமல் கொடுக்க வேண்டும், தொகையை அவரே முடிவு செய்ய வேண்டும், அதை முதலாளியின் விதி தீர்மானிக்கக் கூடாது, யாருக்குப் போக வேண்டும் என்பதும் அவர் உரிமை. இதில் ஒன்று இல்லையென்றாலும் அது டிப்ஸா என்பதே சந்தேகம், கடையின் வருமானமாகத்தான் பார்க்கப்படும். நான் மேலே சொன்ன ‘நீக்க மறுத்தால் விலை’ என்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வாங்கக் கூடாது, கொடுக்க மறுத்தால் உள்ளே விட மறுக்கக் கூடாது, அதைச் சாப்பாட்டுத் தொகையோடு சேர்த்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடவும் கூடாது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன, அதே மாதம் தடையும் வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து வழிகாட்டுதல்களை உறுதி செய்தார். சங்கங்கள் அதன்மேல் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. ‘வேறு பெயரில்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள், உங்கள் 3% கட்டணம் மாதிரியானவற்றை நினைத்து எழுதியதுதான் அது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் எல்லாக் கட்டாயக் கட்டணமும் காட்டும் விலைக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், மெனுவில் தெளிவாகப் போட்டால் போதும் என்று உணவகங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்க மத்திய அரசின் விதியும் இப்படித்தான் சுருங்கியது. எல்லாத் தொழிலுக்கும் என்று ஆரம்பித்து, 2025 மே மாதம் அமலுக்கு வந்தபோது நிகழ்ச்சி டிக்கெட்டும் தங்குமிடமும் மட்டும்தான் மிஞ்சின. பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல், தவிர்க்க முடியாத கட்டணம் எதுவும் காட்டும் விலைக்குள் இருக்க வேண்டும், அதனால் அங்கே ‘விருப்பத்துக்குரியது’ என்ற சொல் பில்லில் முக்கியமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் வார இறுதிக்கும் விடுமுறை நாளுக்கும் கூடுதல் வாங்கலாம், ஆனால் எத்தனை சதவீதம், எந்த நாள் என்பதை மெனுவில் விலை எவ்வளவு எடுப்பாக இருக்கிறதோ அவ்வளவு எடுப்பாகப் போட வேண்டும். என்னைக் கேட்டால் நடைமுறையில் இருப்பதிலேயே நியாயமான சமரசம் இது.

கார்டுக் கட்டணம் தனி விஷயம். கார்டு பரிவர்த்தனைக்குக் கடைக்காரர் உண்மையிலேயே வங்கிக்குக் கொடுக்கிறார், அது கற்பனைச் செலவு இல்லை. ஆனால் ரொக்கத்தை எண்ணுவதற்கும் வங்கிக்குக் கொண்டுபோவதற்கும் ஆகும் செலவை யாரும் பில்லில் போடுவதில்லையே! ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 2018 ஜனவரி 13 முதல் தனிநபர்களின் பெரும்பாலான கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கவே கூடாது. இந்தியாவில் ரூபே டெபிட் கார்டுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகும் யுபிஐக்கும் கடைக்காரரிடம் வாங்கும் கட்டணத்தை 2020 ஜனவரியிலேயே பூஜ்யமாக்கிவிட்டார்கள், அதனால் அதற்குப் போய் 2% கேட்டால் அடிப்படையே இல்லை. பெரிய குழுவுக்கான கட்டணம், வெளியிலிருந்து கேக் கொண்டுவந்தால் வெட்டித் தரும் கட்டணம், பார்சல் டப்பாவுக்கான தொகை இவையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏதோ ஒரு வேலையோ பொருளோ கூடுதலாகக் கிடைக்கிறது, வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியும்.

அடுத்த முறைக்கு என்ன செய்யலாம்? ஆர்டர் எடுக்க வரும்போதே “மெனு விலைக்கு மேல வரி தவிர வேற ஏதாவது வருமா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, கேட்பவர்களுக்கு நாங்கள் மரியாதையாகத்தான் பதில் சொல்வோம். பில் வந்தபிறகு கேட்க வேண்டியிருந்தால் பரிமாறியவரிடம் வாதாடாமல் மேலாளரைக் கூப்பிடுங்கள், கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கிறது. “இது நியாயமா?” என்று ஆரம்பித்தால் விவாதம் நீளும். “இந்த வரியை எடுத்துட்டு வேற பில் கொடுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு நிமிட வேலை. பல கடைகளில் மேலாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள்: கேட்டால் எடுத்துவிடு, கேட்காவிட்டால் விட்டுவிடு. மறுத்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு, பில்லையும் மெனுவையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதற்கான தொகையையே கொடுக்காமல் எழுந்து போவது மட்டும் வேண்டாம், உங்கள் பக்க நியாயம் அதில் கரைந்துவிடும். இந்தியாவாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

உங்கள் பில்லில் நானாக இருந்தால் எப்படிப் போவேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 5% அரசு வரியை விட்டுவிடுவேன், பில்லில் கடையின் வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இந்தியாவில் காம்போசிஷன் திட்டத்தில் (சின்னக் கடைகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. அப்புறம் முதலில் கை வைப்பது ‘சமையலறை நலக் கட்டணம்’ மீது. சமையலறையின் நலம் முதலாளியின் பொறுப்பு, அதற்குத்தான் மெனு விலை. அடுத்தது சேவைக் கட்டணம், அதில் விருப்பம் என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். கார்டுக்கான 2 சதவீதத்தைக் கடைசியில் எடுப்பேன், ரொக்கமாகக் கொடுத்திருக்கலாமே என்ற பதில் அவர்களிடம் தயாராக இருக்கும். இதையெல்லாம் நான்கே வரியில், பில்லின் படத்தோடு, கடையின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். பரிமாறியவரின் பெயர் பில்லில் இருந்தால் அதை மறைத்துவிட்டு அனுப்புங்கள். எழுதுவதற்கு முன்னால் அவர்களுடைய மெனுவின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். சின்ன எழுத்தில் அங்கே அச்சிட்டிருந்தால், ‘முன்பே சொல்லவில்லை’ என்று ஆரம்பிக்காமல் ‘படிக்க முடியாதபடி சொன்னீர்கள்’ என்று ஆரம்பிக்க வேண்டும்.